வேகமாக நிற்கிற வண்டி!

பைக் வாங்கப் போகிறவனிடம் ஊரே இரண்டு கேள்வி கேட்கும். 'எவ்வளவு கொடுக்குது?' என்றால் மைலேஜ். 'எவ்வளவு போகுது?' என்றால் வேகம். 'எவ்வளவு தூரத்தில் நிற்கும்?' என்று கேட்ட ஒரே ஆத்மா என் மனைவிதான்.

"பின்னாடி உட்காரப் போறது நானுங்க. எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்!"

விஷயம் இதுதான். தேனியில் கிளம்பி கேரளா வழியாக கோவா வரை இரண்டு பேரும் பைக்கில் போவதாகத் திட்டம். அதற்கு வேகமான வண்டி வேண்டும். பி.காம். படித்தவன் சும்மா இருப்பானா? நோட்டில் நடுக்கோடு போட்டு, பற்று - வரவு எழுத ஆரம்பித்தேன்.

முதலில் கே.டி.எம். 390 ட்யூக். 2013-ல் வந்த மாடல். 373 சி.சி., 43 குதிரை. அவ்வளவு குதிரைக்கும் சேர்த்துத் தண்ணித் தொட்டி பதினொரு லிட்டர்தான். பின் சீட்டைப் பார்த்த மனைவி, "இது சீட்டா, பலகாரத் தட்டா?" என்றாள். பற்று!

அடுத்து 2016-ல் வந்த ஹிமாலயன். 15 லிட்டர் டாங்க், மூட்டை கட்ட இடம், மேடு பள்ளத்துக்கு ரொம்பச் சமத்து. ஆனால் குதிரை இருபத்து நாலுதான். நாலு வழிச் சாலையில் ஆம்னி பஸ் முதுகில் வந்து ஹாரன் அடிக்கும்போது கொஞ்சம் திணறும்.

கடைசியில் மனசு டாமினார் 400-ல் போய் நின்றது. 2019 மாடல். 40 குதிரை, 13 லிட்டர், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்., முன்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க். எடை 180 கிலோவுக்கு மேல். ஸ்டாண்ட் போட்டு எடுத்தாலே அன்றைய தேகப்பயிற்சி முடிந்தது. செகண்ட் ஹாண்டில் ஒன்று அமைந்தது.

வண்டியை நேராக மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் தொழில் பழகியது ராஜ்தூத் 350-ல். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹா ஆர்.டி. 350-ஐ இங்கே அந்தப் பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. இரட்டை சிலிண்டர், ஆறு கியர், முப்பது குதிரை. மூல வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்; இங்கே செலவைக் குறைக்க டிரம்.

"வேகத்தைக் கொண்டாந்தாய்ங்க தம்பி, பிரேக்கை அங்கிட்டே விட்டுட்டு வந்துட்டாய்ங்க!" என்று சிரித்தார். 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான் என்று கணக்குப் பார்த்தால், அந்தச் சிரிப்பு அவ்வளவாக இனிக்காது.

என் ஆசைப் பட்டியலை நீட்டினேன். அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

சைலன்சர் மாற்றுவது? அடித்தார். "சத்தம்தான் கூடும்." சட்டமும் அவர் பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது? "மேட்டுல துள்ளும். ஹைவேல எஞ்சின் நாள் பூராக் கத்தும். கோவாவுக்கு மேடு அதிகமா, ரோடு அதிகமா?" அடித்தார்.

பக்கத்துக்கு ஒன்றாக இரும்புப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி? வாசலுக்குக் கூட்டிப் போய் வானத்தைக் காட்டினார். தென்மேற்குப் பருவத்தில் மலை இடுக்கு வழியே கம்பம் பள்ளத்தாக்குக்குள் காற்று புகுந்து வரும் பாருங்கள், அதை நம்பித்தான் எங்கள் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். "அம்மாம் பெரிய காத்தாடியவே சுத்துது. உன் பெட்டியச் சும்மா விடுமா? ஒரு பக்கமாத் தள்ளும் தம்பி."

ஆக, இரும்புப் பெட்டிக்குப் பதில் துணிப் பைகள். கனமான சாமான் அடியில், சவாரி செய்கிறவர் பக்கமாக. கண்ணாடி நடுத்தர உயரம். (2021-லிருந்து கம்பெனியே உயரக் கண்ணாடி, கைக்காப்பு, கேரியர் எல்லாம் பொருத்தி விற்றது. பழைய மாடல்காரன் ஒவ்வொன்றாகத்தான் தேட வேண்டும்.) சீட்டுக்குள் இருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கெட்டியான ஃபோம். தொட்டால் மெத்தென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் அமுங்கிப் பலகையாகிவிடுமாம். இரண்டு பேர், மூட்டை என்றால் பின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கி வைக்க வேண்டும்.

கடைசியாக, நான் எழுதவே எழுதாத ஒன்றை அவரே சேர்த்தார்: பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பிரேக் பிடியை அமுக்கினாலும் 'பொதுக்'கென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். எறங்கயில, ஏறின கியர்லயே எறங்கு." செலவுப் பட்டியலிலேயே சின்ன தொகை அதுதான்.

கோவாவுக்கு முன் ஒத்திகையாக மூணாறு போனோம். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மறுநாள் காலை, இறங்கும்போதுதான் அது நடந்தது.

வளைவு திரும்பினால் எதிரே ஜீப். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஜீப் முழு ரோட்டையும் பட்டா போட்டுக்கொண்டு வந்தது. இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பிடி விரலுக்குள் படபடத்தது. முதுகில் மனைவியின் முழு எடை. மூட்டை ஆடவில்லை. ஜீப்பின் பம்பருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் இடம்.

யாரும் பேசவில்லை. மடியில் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்திருந்த ஓர் அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"நல்ல வண்டிய்யா. நின்னுக்கிருச்சு."

இறக்கத்தில் வந்த பாரவண்டியைப் பின்னால் தள்ள முடியாதே. ஜீப்தான் ரிவர்ஸ் எடுத்தது. அந்தப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். நாங்கள் போடியில் இட்லி சாப்பிட்டோம். நாற்பது குதிரையில் ஒன்றுகூட அந்த இரண்டு முழத்துக்கு உதவவில்லை.

கோவா போய் வந்தாயிற்று. இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில், கேஸ் புக் பண்ணிய தேதிக்குக் கீழே, இன்னொரு வரி இருக்கிறது: 'பி. ஆயில்'. எழுதுவது மனைவி. ஒருநாள் விருந்தாளி அதைப் படித்துவிட்டு, "ஏம்மா, பாமாயில் ரேஷன்லயா வாங்குறீங்க?" என்றார்.