லைன் கிளியர்

2022-ஆம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. அன்று மாலை திண்டிவனம் பஸ் நிலையத்தில் நான் ஒரு வீர சாகசம் செய்தேன். திருவக்கரை போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி மூன்று பேருக்கு இடம் பிடித்தேன். பௌர்ணமியன்று நள்ளிரவில் வக்கிரகாளியம்மன் கோயிலில் ஜோதி தரிசனம். அதற்குப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு என் சாகசத்தின் அருமை தெரியும்.

நானும் என் மனைவியும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வந்திருந்தோம். திண்டிவனத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டவர் என் மனைவியின் தாய்மாமா. நல்லியக்கோடன் ஆண்டதாகச் சொல்லும் கிடங்கல் பக்கம் அவருக்கு ஒரு சிறிய வீடு. மாமாவுக்கு ரயில்வேயில் தந்தி உத்தியோகம். விழுப்புரம் ஜங்ஷனிலும் சுற்றுப்பட்ட சின்ன ஸ்டேஷன்களிலும் முப்பது வருஷம் ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"ஆறு நாற்பத்தஞ்சுன்னாரு கண்டக்டர். இப்ப நாற்பத்தேழு. ரெண்டு நிமிஷம் லேட்டு, மாப்பிள்ளே!" என்றார்.

அந்த நாற்பத்தேழாவது நிமிஷத்தில் எங்கள் தலைக்கு மேலே என்ன நடந்தது என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2023 தீபாவளி கழிந்த வாரத்தில் பத்திரிகையில் படித்தேன். மனிதன் கருவி வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு கண்ட காமாக் கதிர் வெடிப்புகளிலெல்லாம் மிகப் பிரகாசமானது அந்த நிமிஷத்தில்தான் பூமிக்கு வந்து சேர்ந்ததாம். பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கு மேலே காற்று மண்டலத்தின் உச்சியில் இருக்கும் அயனி மண்டலத்தையே அது கலக்கிவிட்டது. மின்னலைக் கவனிப்பதற்காக இந்தியாவில் வைத்திருக்கும் கருவிகள்கூட அதை உணர்ந்தனவாம்.

திசையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் அது வந்த இடம் திண்டிவனத்துக்கு நட்ட நடு உச்சியை ஒட்டியே இருந்திருக்கிறது. கீழ்வானத்தில் நிலா. உச்சியில் அந்த ஒளி. நடுவே, பஸ் ஜன்னலில் என் துண்டு!

அந்த ஒளி கிளம்பிச் சுமார் 190 கோடி வருஷம் ஆகிறது. திருவக்கரையில் கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கின்றனவே, அவற்றுக்கு வயது சுமார் 2 கோடி வருஷம் என்கிறார்கள். அதைக் கேட்டே வாயைப் பிளந்தவன் நான். செஞ்சிக் கோட்டை நிற்கும் பாறைகள் 200 கோடி வருஷத்துக்கும் மேலே பழையவை. ஆகவே ஒளி புறப்பட்டபோது செஞ்சிப் பாறை இருந்தது. அதைப் பார்க்கக் கண் படைத்த ஜந்து ஒன்றும் பூமியில் இல்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலிலேயே திண்டிவனம் போனேன். மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எந்தச் சமாசாரம் போனாலும் ஒரு வேடிக்கையாகத்தான் திரும்பி வரும். ஆனால் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு முதல்லே பார்த்தான்? எப்படித் தகவல் கொடுத்தான்?" என்றார். தந்திக்காரருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான்.

நான் ஆதியிலிருந்து ஆரம்பித்தேன். 1963-ல் அணுகுண்டுச் சோதனைக்குத் தடை போட்டு அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை ஏது? ரகசியமாக யாராவது குண்டு வெடித்தால் காமாக் கதிர் கிளம்பும். அதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா 'வேலா' என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியது. 1967 ஜூலை 2-ந் தேதி அவற்றில் ஒரு காமாக் கதிர்ப் பாய்ச்சல் பதிவாயிற்று. குண்டின் சாயல் அதில் இல்லை. பிறகு இன்னும் பல வந்தன. பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. 1973-ல்தான் விஷயத்தை உலகத்துக்குச் சொன்னார்கள்.

"திருடனைப் பிடிக்கக் காவல் போனவன் தேர்த் திருவிழாவைப் பார்த்த கதை!" என்றார் மாமா.

இந்தக் கதிர் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால்தான் வானத்தில் கருவி வேண்டியிருக்கிறது. இன்னொரு சங்கடம்: கண்ணாடி வில்லையைக் கொண்டு இதை ஒரு புள்ளியில் குவிக்க முடியாது. பின் எப்படித் திசை தெரியும்? நிழலை வைத்துத்தான். மாமா வீட்டு ஜன்னலில் மரச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. தெரு விளக்கு ஒரு பக்கம் இருந்தால் சுவரில் ஒரு மாதிரி நிழல் விழும். விளக்கு நகர்ந்தால் நிழலும் நகரும். சுவரைப் பார்த்தே விளக்கு இருக்குமிடத்தைச் சொல்லிவிடலாம். அது மாதிரி, ஆயிரக்கணக்கான சிறு ஈயத் துண்டுகளை ஒழுங்கில்லாத கோலமாகப் பரப்பி, அதன் நிழலை அடியில் இருக்கும் தட்டில் பிடிக்கிறார்கள்.

2004 நவம்பர் 20-ல் ஏவிய 'ஸ்விப்ட்' என்ற தொலைநோக்கியில் இந்த ஏற்பாடுதான். ஸ்விப்ட் என்றால் உழவாரன் குருவி. நம் பக்கத்துப் பனைமரங்களில் பனை உழவாரன் கூடு கட்டுகிறதே, அதன் இனம். பறந்தபடியே திரும்பிப் பூச்சியைப் பிடிக்கும். இந்த இயந்திரக் குருவியும் அப்படியே. எங்கோ ஒரு பளிச்சைக் கண்டதும் தரையிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திராமல், ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே அந்தப் பக்கம் திரும்பி மற்றத் தொலைநோக்கிகளால் உற்றுப் பார்க்கும். கீழே உலகமெல்லாம் தகவல் பறக்கும்.

"திரும்பறதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்றாள் காப்பி கொண்டு வந்த என் மனைவி.

அவசரம் உண்டு. கற்பூரம் குப்பென்று எரிந்து அடங்குவதுபோல் முதல் வெடிப்பு சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிஷங்களில் தீர்ந்துபோகும். பிறகு தணல் மாதிரி ஒரு பின்னொளி இருக்கும். அதுவும் மணிக்கு மணி மங்கும். 1997 பிப்ரவரி 28-ல் வந்த ஒரு வெடிப்பின் பின்னொளியை இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் 'பெப்போசாக்ஸ்' செயற்கைக்கோள் கண்டு சொன்ன பிறகுதான், இவை நம் வீட்டுக் கொல்லையில் நடப்பவை அல்ல, கோடி கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பவை என்ற உண்மை வெளிப்பட்டது. பெரிய நட்சத்திரம் ஒன்றின் நடுப்பகுதி இடிந்து கருந்துளையாகும்போது இரு பக்கமும் தாரையாக ஒளி பீச்சியடிக்கிறது. அந்தத் தாரை நம்மை நோக்கி இருந்தால்தான் நமக்குத் தெரியும்.

"நம்ம பேருக்கு வந்த தந்தின்னு சொல்லுங்க!" என்றார் மாமா.

அந்தத் தந்தியிலும் ஒரு குளறுபடி நடந்தது. 6-47-க்கு அதைக் கண்டது 'பெர்மி' என்ற இன்னொரு செயற்கைக்கோள். ஸ்விப்டின் பார்வையில் அந்த இடம் பட்டது ஐம்பத்து மூன்று நிமிஷம் கழித்து. அப்போதும் பின்னொளியே அத்தனை பிரகாசமாக இருந்ததால், இது நம் பால்வீதியிலேயே இருக்கும் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் சேட்டை என்று நினைத்து அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு தகவலும் ஒன்றையே சொல்கின்றன என்று புரியச் சில மணி நேரம் பிடித்தது.

நம் நாடும் இந்தக் காவலில் இருந்திருக்கிறது. 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன 'அஸ்ட்ரோசாட்'டின் ஒரு கருவி, அக்டோபர் 6-ல் இயங்கத் தொடங்கிய அன்றே ஒரு வெடிப்பைக் கண்டது. 2022 நவம்பருக்குள் அது கண்டவை ஐந்நூறு.

"ராத்திரி டியூட்டிக்காரன்!" என்றார் மாமா, சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல்.

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பகுதி. இனிச் சொல்வது என் வெட்கம்.

2024 தை மாதத்தில் ஒரு சாயங்காலம். ஒரு தொடர்கதையின் அத்தியாயத்தை முடிக்கும் மும்முரத்தில் இருந்தேன். போன் அடித்தது. 'திண்டிவனம் மாமா' என்று காட்டியது. எடுத்தால் அரைமணி வேடிக்கைப் பேச்சு. முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயமும் முடிந்தது. இருபது நாள் போயிற்று. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். மாமாவுக்குப் பக்கவாதம். உயிருக்கு மோசமில்லை, பேச்சு மட்டும் போய்விட்டது.

நான் போனபோது கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண் அசைந்தது. வாய் கோணியது, சப்தம் வரவில்லை. நல்ல கை மட்டும் கட்டில் சட்டத்தில் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. நரம்புத் தளர்ச்சி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன். வாரா வாரம் போவேன், பழம் உரித்துக் கொடுப்பேன், திரும்பி வருவேன்.

அந்தச் சித்திரைத் தொடக்கத்தில் பத்திரிகையில் பழைய வெடிப்பின் மறுபக்கம் வந்திருந்தது. வெடிப்பு நடந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அந்த இடத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். முதல் வாரங்களில் கண் கூசும் பிரகாசம். அதன் பின்னால் என்ன இருந்ததென்றே தெரியவில்லை. எதிரே வரும் லாரியின் விளக்கில் லாரியே தெரியாமல் போகிறதல்லவா, அப்படி. பிரகாசம் தணியும்வரை காத்திருந்து பார்த்தபோதுதான், வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் அடையாளம் தெரிந்தது. தங்கமும் பிளாட்டினமும் அங்கே பிறந்திருக்குமோ என்றும் தேடினார்கள். அதற்கான தடயம் இல்லை. சாதாரணமான ஒரு நட்சத்திரச் சாவுதான் அந்தப் பேரொளிக்குள் இருந்தது.

படித்த பேப்பரைக் கீழே வைத்தேன். மாமாவின் விரல் ஞாபகம் வந்தது. இந்த விஷயம் எனக்கு ஏன் அதுவரை தோன்றவில்லை என்று இன்றைக்கும் புரியவில்லை. தந்திக்காரர் விரல் அல்லவா அது!

விழுப்புரத்தில் கீழ்ப்பெரும்பாக்கத்தில் மாமாவோடு வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். அவரைக் கையைப் பிடித்து ரயிலேற்றித் திண்டிவனம் கூட்டிக்கொண்டு போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காதைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

"லைன் கிளியர் கேட்கிறான்!"

எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்துச் சின்ன ஸ்டேஷன்களில், வண்டியை அனுப்பும் முன் அடுத்த ஸ்டேஷனுக்குத் தந்தி தட்டி வழி கேட்பார்களாம். பதில் வராமல் வண்டி கிளம்பாது. "மூணு மாசமா இவன் கேட்டுக்கிட்டே இருக்கான் போலிருக்கு. யாரும் பதில் கொடுக்கலே" என்றார் பெரியவர்.

"மாமா, தை மாசம் எதுக்குப் போன் பண்ணீங்க? கேளுங்கள் ஐயா" என்றேன் தொண்டை அடைக்க.

விரல் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. பெரியவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னார்: "ஒண்ணுமில்லே, சும்மாங்கறான்... இரு, இன்னும் இருக்கு... அன்னிக்குச் சாயங்காலம் இடது கை மரத்துப் போச்சாம்... பயமா இருந்துதாம்."

முப்பது வருஷமாக அவரை அறிவேன். பயம் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் கல்யாணத்தில் பந்தல் சரிந்தபோதுகூட வேடிக்கை பேசியவர். அந்தப் பேச்சு வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று. அன்றைக்கு மணி அடித்தபோது திரும்பியிருந்தால் அந்தக் கையைக் காப்பாற்றியிருக்கலாமோ என்னவோ. அந்தக் கணக்கை நான் போட்டு முடித்தபாடில்லை.

இப்போது நான் அந்த எழுத்துக்களைக் கற்றுக்கொண்டு வருகிறேன். இந்த வயதில் மண்டையில் ஏறுவது சிரமமாகத்தான் இருக்கிறது. போன பௌர்ணமியன்று மாமா தட்டியதைத் தடவித் தடவி நானே படித்தேன். திருவக்கரைக்கு லைன் கிளியர் கேட்டார். கட்டில் சட்டத்தில் பதில் தட்டினேன்.

மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஓர் எழுத்துத் தப்பாம். மறுபடி தட்டச் சொன்னார்.