அந்த க்யூஆர் படத்துக்குக் காசு அனுப்பாதீங்க

அக்கா பொண்ணு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "சித்தி, வாங்கட்டுமா?"ன்னு கேட்டா.

கச்சேரி டிக்கெட். பாதி விலை.
"அவசரமா ஊருக்குப் போறேன், இப்பவே ஜிபே பண்ணுங்க"ன்னு முன்பின் தெரியாத யாரோ.

வேண்டாம்னுட்டேன். அவளுக்கு வருத்தம்தான்.

டிக்கெட்ல இருக்கற க்யூஆர் வாசல்ல ஒரு தடவைதான் செல்லும்.
அதே படத்தைப் பத்து பேருக்கு வித்திருந்தா, முதல்ல போறவர் உள்ளே.
மத்தவங்க வெளியே. பாட்டுச் சத்தம் மட்டும் கேக்கும்.

2025 ஜனவரில நவி மும்பைல நடந்த கோல்ட்ப்ளே இசைக்குழுவோட கச்சேரி விஷயத்துல பார்த்தோமே.
அதிகபட்சமே 35,000 ரூபாய் டிக்கெட்.
மறுவிற்பனைல லட்சக்கணக்குல கேட்டாங்க.
அங்கெல்லாம் வாங்காதீங்கன்னு டிக்கெட் வித்த புக்மைஷோவே எச்சரிச்சு, போலீஸ்லயும் புகார் கொடுத்தாங்க.

இன்னொண்ணு.
"பணத்தைத் திருப்பித் தர்றேன், பின் நம்பர் போடுங்க"ன்னா போடவே போடாதீங்க. யுபிஐல பணம் வாங்க பின் தேவையே இல்ல.
காசு போயிடுச்சா? கூச்சப்படாம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க. அந்தக் காசு அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள.

நிஜமாவே வர முடியாமப் போறவங்களும் இருக்காங்க.
அவங்க டிக்கெட்டை முறையா அடுத்தவங்களுக்கு மாத்திக் கொடுக்க, நடத்தறவங்களே ஒரு வழி வச்சா என்ன?