பதினெட்டு வளைவும் வாப்பாவும்

வாப்பாவுக்கு மறுநாள் கண்டியில் கண் கிளினிக். சுபஹ் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றிலிருந்து புறப்பட்டோம். அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை. ஹசலக்க தாண்டியதும் நேரே மலை. 18 வளைவு.

இரண்டாம் கியரில் ஏறினேன். முன்சீட்டில் வாப்பா. ஒரு காலத்தில் இதே பாதையில் நெல் லொறி ஓட்டியவர். இப்போது என் முகமே அவருக்குப் புகை மாதிரித்தான் தெரிகிறது.

"மனெ, ஹோர்ன் அடிங்க. மேலேருந்து பஸ் வருது."

அடித்தேன். வந்தது.

"எப்படி வாப்பா?"

"கண்தானே போன, காது இரிக்கே."

ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தினேன். கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடந்தது. வாப்பா கண்ணாடியை இறக்கி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தார்.

"வயல் பச்சையா, விளைஞ்சிட்டா?"

"அரைவாசி மஞ்சள் வாப்பா."

"அப்ப வெட்டக் கிட்ட."

இத்தனை வருடம் இந்தப் பாதையில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான், அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

உன்னஸ்கிரியவில் பனி. பிளேன் டீ குடிக்கும்போது வாப்பா திடீரென்று சொன்னார்: "பதினேழுதான் மனெ வந்திச்சி. வண்டி சாயச் சாய எண்ணினேன். ஒண்ட எங்க கொண்டு போட்டானுகள்?"

பாதையை அகலமாக்கியபோது ஒரு வளைவு போய்விட்டது என்றேன். நீண்ட நேரம் சிரித்தார்.

ஒபரேசன் செய்தால் ஒரு கண்ணாவது தெளியும் என்கிறார் டொக்டர். துஆச் செய்யுங்கள். அடுத்த முறை வயலைப் பார்த்து அவரே எனக்குச் சொல்ல வேண்டும்.