மொட்டை மாடிப் பிரசங்கம்

எழுதத் தெரிந்தவனுக்குப் பேசவும் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. தச்சனுக்கு மரம் ஏறத் தெரியும் என்று நம்புவதைப் போன்றதுதான் இது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல் நானும் பல மேடைகளில் ஏறியிருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை.

பத்திரிகை ஆபீஸில் என் தொடர்கதைகளுக்குப் பிழை திருத்தி வந்த நண்பர் காலமானார். வாசகசாலையில் அனுதாபக் கூட்டம். நான்தான் பேச வேண்டும் என்றார்கள். இரண்டு இரவு கண் விழித்துப் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன்: எழுதும்போது நண்பரைவிட என் நடையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். வாக்கியங்கள் ஒவ்வொன்றும் கோயில் தேர் மாதிரி அசைந்து வந்தன.

கூட்டத்தில் அந்தத் தேரை இழுக்க எனக்கு மூச்சுப் போதவில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். தலை நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் வரி தவறிவிடுமே! எல்லாம் முடிந்த பிறகு நண்பரின் மனைவி அருகே வந்தார்.

"ரொம்பப் பெரிசா எழுதியிருந்தீங்க, சார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல்லே."

அதில் குறை சொல்லும் தொனியே இல்லை. அதனால்தான் அது என்னை வீடு வரை துரத்திக்கொண்டு வந்தது.

ஆறுதலுக்குச் 'சத்திய சோதனை'யைப் புரட்டினேன். 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பிய காந்தி, பம்பாயில் 30 ரூபாய் ஃபீஸுக்கு முதல் வழக்கை ஏற்றார். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்; தலை சுற்றியது; ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் என் வியாதி வேறு. அவரைக் கூச்சம் கெடுத்தது. என்னைக் காகிதம் கெடுத்தது.

மருந்து அன்னி பெஸண்டின் சுயசரிதையில் கிடைத்தது. பிற்காலத்தில் நம் அடையாற்றில் வாழ்ந்த அந்த அம்மையார், 1873-ல் இங்கிலாந்தின் ஸிப்ஸி கிராமத்தில் பாதிரியாரின் மனைவி. ஒரு நாள் ஆர்கன் பழகப் போனவர், ஆளில்லாத மாதாகோயிலை உள்ளே தாளிட்டுக்கொண்டு, பிரசங்க மேடையில் ஏறி வெறும் பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்தாராம். தமக்குப் பேச வரும் என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

மறு வருஷம் நண்பரின் படத்திறப்பு வந்தது. எனக்கு மாதாகோயில் ஏது? மொட்டை மாடி இருந்தது. இரவு தண்ணீர்த் தொட்டியைச் சபையாக வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பேசினேன். அடுத்த வீட்டுக்காரர், "சாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று என் மனைவியிடம் கேட்டாராம். கேட்கட்டும். கண்ணுக்கு அழகாயிருந்த வாக்கியங்கள் எல்லாம் காதுக்கு ஆகவில்லை. நாக்கு இடறிய இடங்களை வெட்டினேன். நான்காம் நாள் மிஞ்சியது ஒரு தபால் கார்டில் நான்கு வார்த்தை. முதல் வாக்கியத்தை மட்டும் நெட்டுருப் போட்டேன். முழங்கால் நடுங்குவது அப்போதுதான். பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லாத ஒரு சம்பவம் மாடியில்தான் நினைவுக்கு வந்தது.

சபையில் கடைசி பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து அதைச் சொன்னேன். ஏழாம் அத்தியாயத்தில் நான் சாகடித்த மாமா, பதினோராம் அத்தியாயத்தில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நண்பர் அதைக் கண்டுபிடித்து, கொட்டுகிற மழையில், இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்கு அடுத்த வார்த்தை மறந்து போயிற்று. கார்டைப் பார்த்தேன், கண்ணாடி பையில் இருந்தது. சும்மா நின்றேன்.

முன் வரிசையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "மழை விட்டதும் குடையை உங்க வீட்டிலேயே மறந்துட்டு வந்துட்டார், சார். அதையும் சொல்லுங்க."

நான் கார்டில் அதை எழுதியிருக்கவில்லை. குடை இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.