தேற்றாத்தீவில் மடலோடு சுட்ட சோளன்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதி, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் மேட்டின்மேல் ஓடுகிறது. கல்லடிப் பாலத்தைக் கடந்தால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு என்று ஊருக்கு ஊர் வேலி ஒட்டியபடியே வரும். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பது அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். 20 கிலோமீற்றரைத் தாண்டியபின் வருகிறது தேற்றாத்தீவு. அதற்கப்பால் களுதாவளை, களுவாஞ்சிகுடி.

நான் காத்தான்குடியில் பிறந்து மருதமுனையில் கலியாணம் முடித்தவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே உம்மாவைப் பார்க்க வாரம் ஒருமுறை இந்த வீதியில் போவதும் வருவதும் எனக்கு எழுதி வைத்த பயணம். கண்ணைக் கட்டிவிட்டாலும் காற்றின் மணத்தை வைத்து எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். (கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் மட்டும் கொஞ்சம் தடுமாறலாம்.)

தேற்றாத்தீவு என்று பெயர் இருந்தாலும் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவு அல்ல. தேற்றா மரத்தால் வந்த பெயர் என்பார்கள். கலங்கிய கிணற்றுத் தண்ணீரை அள்ளி வைத்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால், சற்று நேரத்தில் சேறெல்லாம் அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்து நிற்கும். எங்கள் மூத்தம்மாவின் குசினியில் அப்படி ஒரு கொட்டை தேய்ந்து தேய்ந்து பித்தான் அளவுக்குக் கிடந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி வந்து இந்தக் கரையோரத்துக் கிணறுகளை உப்பாக்கியபோது அந்தக் கொட்டையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சேற்றைத்தான் அது இறக்கும், உப்பை எடுக்காது.

ஊரில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. புனித யூதா ததேயு தேவாலயமும் இருக்கிறது. மணல் தரையில் கிணறு தோண்டி வெற்றிலைக்கொடியும் மிளகாயும் கத்தரியும் செய்கிறார்கள். களுதாவளை, தேற்றாத்தீவு வெற்றிலை என்றால் எங்கள் உம்மாவுக்கு ஒரு தனி மதிப்பு. காம்பைக் கிள்ளி மணந்து பார்த்தே, "இது அங்கத்தயான்தான்" என்று சொல்லிவிடுவார்.

ஆனால் அந்த ஊரில் வாகனத்தை நிறுத்த மட்டும் உம்மா விட்டதில்லை.

1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் வழிமறித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9 இல் மட்டக்களப்புக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு கொல்லப்பட்டன. அந்த ஆண்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு எழுந்திருக்க முடியாது. எங்கள் வீட்டுக் கணக்கில் உம்மாவின் தம்பி ஒருவர் இருக்கிறார். கல்முனைக்குச் சரக்கெடுக்கப் போனவர் அந்த ஜூலையில் திரும்பி வரவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து உம்மா காத்தான்குடி எல்லையைக் கடந்ததும் தஸ்பீஹைக் கையில் எடுப்பார். பெரியநீலாவணை கடந்து மருதமுனை கண்ணில் பட்ட பிறகுதான் மடியில் வைப்பார். யுத்தம் ஓய்ந்து இத்தனை வருடங்கள் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெற்றிலை மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

தை மாதத்து ஒரு பின்நேரம். அஸர் தொழுதுவிட்டு உம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மாரி மழை ஓய்ந்து வீதியோரமெல்லாம் பச்சை. தேற்றாத்தீவில் ஒரு வாகை மர நிழலில் கிடுகுப் பந்தல். வெட்டிய இரும்புப் பீப்பாயில் நெருப்பு. மேலே கம்பி வலை. பக்கத்தில் குவித்த சோளங்கதிர்.

"வாப்பா, சோளன்! நிப்பாட்டுங்க!" என்று இளையவள் கத்தினாள்.

"நிப்பாட்டாத மகன், பொழுது போகுது" என்றார் உம்மா.

நான் நிறுத்திவிட்டேன். ஏன் அன்றைக்கு நிறுத்தினேன் என்று கேட்டால் பதில் இல்லை. பிள்ளையின் குரல் உம்மாவின் குரலைவிடப் பெரிதாகக் கேட்டது, அவ்வளவுதான். பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். உம்மா கதவுப் பக்கம் திரும்பாமல் தஸ்பீஹை உருட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்.

கடைக்காரம்மாவுக்கும் உம்மாவை ஒட்டிய வயதுதான் இருக்கும். "வாங்க மனே, எத்தின பொத்தி வேணும்?" என்று கேட்டபடியே ஒரு கதிரின் மடலை மூன்றே இழுப்பில் உரித்து, மயிரைத் தட்டிவிட்டு, வெறும் கதிராகக் கம்பியில் போட்டார். நெருப்புப் பட்டதும் மணிகள் படபடவென்று வெடித்தன. சுட்டதை உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தேய்த்துக் கொடுத்தார். பிள்ளைகள் ஊதி ஊதித் தின்றார்கள். மூத்தவன் ஒன்றைக் கொண்டுபோய் வாப்பும்மாவிடம் ஜன்னல் வழியே நீட்டினான்.

உம்மா வாங்கினார். இரண்டு மணி கடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"காஞ்சு போச்சு. மடலோட போடாம ஏன் போடுறாங்க?"

மெல்லச் சொன்னதாகத்தான் உம்மா நினைத்திருப்பார். காது மந்தமானவர்கள் மெல்லப் பேசுவது எட்டு வீட்டுக்குக் கேட்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அந்தம்மா கோபிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேனின் அருகே வந்தார்.

"மடலோட சுடுற ஒங்களுக்குத் தெரியுமாக்கா? சேனையில இருந்தவங்களா?"

அங்கேதான் கதை மாறியது. உம்மாவின் வாப்பா படுவான்கரையில் சேனை செய்தவர். வாவிக்கு மேற்கே கிடக்கும் நிலத்துக்குப் படுவான்கரை என்றும், நாம் நிற்கும் கடற்பக்கத்துக்கு எழுவான்கரை என்றும் பெயர்; சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். புரட்டாசி, ஐப்பசியில் காட்டை வெட்டி எரித்து, முதல் மழையோடு சோளன், பயறு, கச்சான் எல்லாம் ஊன்றுவார்கள். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பன்றியும் யானையும் வரும். இரவு முழுக்கப் பரணில் காவல், கீழே தீ. அந்தத் தீயில் சட்டி பானை ஏது? கதிரை முறித்து அப்படியே மடலோடு சாம்பலுக்குள் புதைப்பதுதான் சமையல். சிறுமியாக உம்மாவும் அங்கே போய் நின்றிருக்கிறார். இதை நானே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்! 1990 க்குப் பிறகு அந்தக் காணிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் யாரும் போனதில்லை, பேச்சும் எழுந்ததில்லை.

கடைக்காரம்மா பிறந்தது வெல்லாவெளிப் பக்கம். சோளன் இப்போதும் அங்கிருந்துதான் வருகிறது. மகன் விடியற்காலையில் முறித்து மோட்டார் சைக்கிளில் பட்டிருப்புப் பாலத்தால் கொண்டுவந்து இறக்குவாராம். "கடைக்கு வாறவங்க மடலோட கேக்கிறல்ல அக்கா. நேரம் செல்லும். அவங்களுக்குக் கறுப்புப் புள்ளி தெரியணும், வெடிக்கிற சத்தம் கேக்கணும்" என்றார்.

"எனக்கு ஒண்டு மடலோட போடு புள்ள. நான் இருக்கன்" என்றார் உம்மா.

பொழுது போகுது என்று சொன்னவர்தான்!

மடலோடு சுடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதிலும் நுணுக்கம் இருக்கிறது. முதலில் கதிரைத் தெரிய வேண்டும். நுனி மயிர் பழுப்பாகக் காய்ந்தும் மடல் பச்சையாகவும் இருக்க வேண்டும். ஒரு மணியில் நகத்தை அழுத்தினால் பால் வர வேண்டும். வெறும் தண்ணீர் வந்தால் பிஞ்சு, மாவாக வந்தால் முற்றல். முறித்த அன்றே சுட வேண்டும். செடியிலிருந்து பிரிந்த நிமிடத்திலிருந்து மணியிலுள்ள இனிப்பு மாப்பொருளாக மாறத் தொடங்கிவிடும், அதுவும் வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக. நகரத்துக் கடையில் மூன்று நாள் கிடந்த கதிர் சவசவவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தம்மா வெளிமடல் இரண்டை மட்டும் கழற்றினார். மயிரை எடுக்கவில்லை, வெந்த பிறகு அது மடலோடு தானே கழன்று வருமாம். சுவாலை அடங்கிய சிரட்டைத் தணலின் ஓரத்தில் படுக்க வைத்து, சற்றைக்கொரு தடவை கால்வாசி உருட்டினார். வெளியே மடல் கருகினாலும் உள்ளே மணியின் ஈரமே ஆவியாகி மணியை வேக வைக்கிறது. அடுப்பும் மூடியும் தண்ணீரும் எல்லாம் கதிருக்குள்ளேயே! இருபது நிமிடம் ஆகியிருக்கும். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று ஜன்னலால் சொல்லிக்கொண்டிருந்த உம்மாவுக்கு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை போலும். கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

இரண்டு பேரும் பீப்பாயைக் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். "பாரு, மடலுக்கு மேலால மணியிட வரி தெரியுது. இப்ப எடு" என்றார் உம்மா. உண்மைதான். கருகிய மடலின்மேல் மணிகளின் வரிசை பதிந்து தெரிந்தது. மடலைப் பின்னால் மடித்து அதையே பிடியாக்கிக் கொடுத்தார் அந்தம்மா. வெள்ளையாகப் புகை மணத்தோடு ஆவி எழுந்தது. உப்பு, மிளகாய், தேசிக்காய் ஒன்றும் கேட்காமல் உம்மா தின்றார்.

பிள்ளைகள் இதற்குள் தங்கள் கதிர்களில் வரிசை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். ஒன்றில் 14, ஒன்றில் 12. சோளங்கதிரில் மணி வரிசை எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும்; பூக்கும்போதே இரண்டிரண்டாகப் பிறப்பதால். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மயிர் உண்டு. மகரந்தம் அதன் வழியே இறங்கினால்தான் அந்த மணி பிடிக்கும். நல்ல கதிரில் 500 மணிக்கு மேலும் இருக்கும். சூரா அல்பகராவின் 261 ஆவது வசனத்தில் அல்லாஹ்வின் பாதையில் செலவிடுவோருக்கு ஒரு வித்து, ஏழு கதிர், கதிருக்கு நூறு மணி என்ற உவமை வருவதை மூத்தவன் மத்ரஸாவில் படித்திருந்தான். "இதில நூறுக்கு மேல இருக்கே" என்று அவனுக்குப் பெரிய சந்தேகம். அங்கே சொன்னது இந்தச் சோளன் அல்ல என்றேன். சோளன் மெக்சிகோ நாட்டுப் பயிர். 1492 இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பிறகுதான் மற்றைய நாடுகளுக்கு வந்தது. வந்த வழி மறந்துபோனதால் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். துருக்கியர் அதை 'மிஸிர்' என்கிறார்கள், அதாவது எகிப்து. இத்தாலியர் 'துருக்கித் தானியம்' என்கிறார்கள். எகிப்தியரோ 'துரா' என்று சொல்லி, நைல் நதிக்கரையில் இதே போல் தணலில் வாட்டி விற்கிறார்கள்.

"எங்கட வாப்பா சோளனுக்கும் ஸக்காத் குடுப்பாரு" என்றார் உம்மா, யாரிடம் என்றில்லாமல். மழையை நம்பிய சேனை ஆகையால் பத்தில் ஒன்று; தண்ணீர் இறைத்துச் செய்திருந்தால் இருபதில் ஒன்று. ஐந்து வஸக், அதாவது ஏறத்தாழ 650 கிலோ சேர்ந்தால் கடமை. சேராத வருடமும் மூட்டை கட்டுமுன் ஒரு பங்கு ஒதுக்கிவிடுவாராம். அக்கம்பக்கத்துச் சேனைக்காரர் பாதிப் பேர் தமிழர். காவல் தீயில் சுட்டதற்குக் கணக்கு இருந்ததில்லை. கிழக்கில் தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைக்கு மேடை சொல்லி அந்த உவமையையே சலிக்க வைத்துவிட்டார்கள். தணலடியில் அதை யாரும் சொல்லவில்லை.

அந்தம்மா தன் கவலைகளைச் சொன்னார். 2018 இல் படைப்புழு வந்து குருத்தையே தின்றதாம். அந்த வருடம் அம்பாறை, மட்டக்களப்பு என்று எத்தனையோ பேர் நட்டப்பட்டார்கள். யானை இப்போதும் வருகிறது. அப்புறம், கேட்காமலே, "எங்கட அவரையும் தொண்ணூறிலதான் கொண்டு போனாங்க" என்றார். உம்மா கதிரைத் தின்பதை நிறுத்தினார். யார் கொண்டுபோனார்கள் என்று உம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "ஆருக்காவது மையித்துக் கிடச்சிதா?" என்று மட்டும் கேட்டார் உம்மா. அந்தம்மா தலையை ஆட்டினார். "எங்களுக்கும் இல்ல" என்றார் உம்மா.

கொஞ்ச நேரம் வீதியில் பஸ் போகும் சத்தம்தான்.

பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது. மஃரிபுக்குள் மருதமுனை போக வேண்டும். நான் பணத்தை நீட்டினேன். நாலு கதிருக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தார். ஐந்தாவது, அந்த மடலோடு சுட்டதற்கு வேண்டாமாம். "அது யாவாரம் இல்ல மனே, அக்காதானே சுட்டவ" என்றார்.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஹக்கு ஒருத்தருக்கு நிக்கப்படா புள்ள" என்று தன் கைப்பையிலிருந்தே நோட்டை எடுத்து, உப்பு டின்னுக்கு அடியில் செருகிவிட்டு வேனில் ஏறினார். அந்தம்மா அதை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே ஓடிவந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நோட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பச்சைக் கதிர் இரண்டை மடலோடு உள்ளே போட்டார்.

களுவாஞ்சிகுடி தாண்டும்வரை உம்மா ஒன்றும் பேசவில்லை. ஓந்தாச்சிமடத்தடியில், "மகன், வீட்டில தணல் இருக்குமா, இல்ல காஸ் அடுப்புத்தானா?" என்று கேட்டார். காஸ்தான் என்றேன்.

"அப்ப வழியில எங்கயாவது சிரட்டை கொஞ்சம் வாங்கு" என்றார்.