வாழ்த்துரை ஆறு பேர்

போன வாரம் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த சின்ன ஊர்க் கல்லூரியில் இலக்கிய மன்றச் செயலாளரும் துணைச் செயலாளரும். முத்தமிழ் விழா அழைப்பிதழின் மாதிரியை நீட்டி, “ஐயா, நீங்கதான் தலைமை தாங்கணும்” என்றான் பையன்.

கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை நாலு பேர், வாழ்த்துரை ஆறு பேர், சிறப்புரை, நன்றியுரை. கடைசிக்கு முந்தின வரியில் கணியான் கூத்து. தொடக்கம் பிற்பகல் 2.30. கிராமத்துப் பிள்ளைகளின் டவுன் பஸ்ஸோ நாலேகாலுக்கு.

“கூத்துக்கு எவ்வளவு நேரம்யா?”

“இருபது நிமிஷம் ஐயா.”

கூட வந்த பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாள் போல. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தப்பைச் செய்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விழா என் பொறுப்பில் வந்தது. பெரிய பேச்சாளர் ஒருவருக்குத் தேதி வாங்கினேன். அவர் வரும்வரை கூட்டத்தை உட்கார வைக்கவேண்டுமே, பக்கத்துக் கிராமத்திலிருந்து கணியான் கூத்துக் குழுவையும் கூப்பிட்டேன். கேன்டீன் பின்னால் தீ மூட்டி, மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைக் காய வைத்தார்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. பெண் வேடம் கட்டியவர்கள் இரண்டு பேர். பாட்டை நடத்துகிற அண்ணாவிக்கு அறுபது வயதிருக்கும். சுடலைமாடன் கதை எடுத்தார். கோயில் கொடை விழாவில் இரவெல்லாம் பாடுகிற கதை அது. விளக்குச் சுடர் பார்வதியின் முந்தானையில் விழுந்து, கைகால் இல்லாத பிண்டமாகக் கிடக்கிற இடம். பிள்ளைக்கு இன்னும் உருவம் வரவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. நான் மேடையோரம் போய்க் கையைக் காட்டினேன். அண்ணாவி கும்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பேச்சாளருக்குக் கல்லூரி முதல்வர் அறையில் இலை போட்டோம். கூத்துக்காரர்களுக்கு கேன்டீன் டோக்கன். இதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கு கூசுகிறது.

கவரைக் கொடுத்தபோது அண்ணாவி கோபப்படவில்லை. “சாமி கதைய அரைகுறையா விடக் கூடாது சார். வெள்ளிக்கிழமை ஒரு கொடை இருக்கு, அங்க முடிச்சுக்கிடுதேன்” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை போனேன். விடிய விடிய மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பீடி சுற்றுகிற ஆச்சி ஒருத்தி, அடுத்து வரப்போகிற இடத்தை எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் எம்.ஏ. படித்தவன். எனக்கு அந்தக் கதையில் பாதி தெரியாது. அவளுக்கு முழுவதும் தெரியும், தெரிந்தும் கேட்கிறாள். விடியும் நேரத்தில், “காலேஜ் வாத்தியாரா? தினம் அந்த வாசலத் தாண்டித்தான் பீடிக்கடைக்குப் போறேன். உள்ள வந்ததில்ல” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள்.

மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து புகார் நகரத்துக்கே அறிவிக்கிறார்கள். பட்டிமண்டபமும் அந்த அறிவிப்பில் வருகிறது. இதை நான் வகுப்பில் வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஆனால் எங்கள் அழைப்பிதழ் துறைத்தலைவர்களின் மேஜையைத் தாண்டிப் போனதில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதையெல்லாம் ஊர் வாயிலிருந்து அச்சுக்கு வந்ததில் அவர் உழைப்பு பெரிது. அதே நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு, கதை தெரிந்தவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தோம்.

அடுத்த வருஷம் விழாவைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினேன். வாழ்த்துரையே கிடையாது. ஆட்டோவில் மைக் கட்டிப் பீடிக்கடை, சந்தை, ரேஷன் கடை என்று சொல்லி வந்தோம். “வெளியாள் வந்தா பிரச்சினை ஆயிடாதா?” என்று முதல்வர் கேட்டார். ஆகலாம் என்றேன். அதே அண்ணாவியைத்தான் கூப்பிட்டேன். கையைக் கீறி ரத்தம் காட்டுகிற சடங்கு மட்டும் கோயிலுக்கு உரியது, மேடையில் செய்யமாட்டேன் என்றார். சரி என்றேன். அதைக் கேட்டு வற்புறுத்துகிறவர்கள் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று சொல்லமாட்டேன். ஒலிபெருக்கி இரண்டு தடவை படுத்துக்கொண்டது. நாற்காலி பற்றவில்லை. பின்வரிசைப் பையன்கள், பெண் வேடக்காரர் ஆட வந்ததும் விசிலடித்தார்கள். ஒரு ஆச்சி எழுந்து, “ஏல, சாமி கதைல” என்றாள். அடங்கிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவால் ஒருநாளும் ஆகாத காரியம். பத்து மணிக்கு ஆரம்பித்தது, மதியம் இரண்டரைக்குத்தான் முடிந்தது. பிள்ளைக்கு உருவம் வந்தது. மயானத்துக்கும் போய்விட்டு வந்தது. அண்ணாவியும் குழுவினரும் எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பெரிய பேச்சாளர்களைக் கூப்பிடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பேச்சு ஒரு பையனை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தும். அப்படிப்பட்ட பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் வருகைப்பதிவுக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிற முந்நூறு பேர் முன்னால் யார் பேசினாலும் அது பேச்சாகாது.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். “அப்போ ஐயா, தலைமை?” என்று பையன் மறுபடியும் கேட்டான். பாவம், அவனுக்கு அவன் கவலை.

என் பெயரை எடுத்துவிடு. வாழ்த்துரையையும் எடு. ஆறு பேரில் ஐந்து பேர் கோபப்படுவார்கள், நான் சொன்னதாகச் சொல்லிக்கொள். விழாவைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கூத்தை முதலில் வை, அண்ணாவியிடம் எவ்வளவு நேரம் வேண்டும் என்று நீயே போய்க் கேள். அப்புறம் பஸ் டெப்போவுக்குப் போய், சனிக்கிழமை எந்தெந்த ஊருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு அழைப்பிதழை அச்சுக்குக் கொடு.