வண்டி எந்த இடத்தில் நழுவுகிறது?

செஞ்சியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் அப்படியொன்றும் தூரமில்லை. திண்டிவனம் போய் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்தால் காலையில் கிளம்பி மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அங்கே ஒரு பந்தயக் காரில் உட்காருவதற்கு ஆகும் செலவு எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த ஒரே வழி கணினியில் ‘அசெட்டோ கோர்சா’. அதை வெறும் கேம் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்டது அது. உண்மையான பந்தயத் தளங்கள் பலவற்றை லேசரால் அளந்து, மேடு பள்ளத்தோடு அப்படியே இறக்கியிருக்கிறார்கள். டயர் சூடு, காற்றழுத்தம், பிரேக் போட்டால் எடை முன்னால் சாய்வது என எல்லாமே கணக்கில் வரும். அதனால் வண்டி சொன்னபடி கேட்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும், தேடினால் அகப்படும். இந்த நம்பிக்கைதான் என்னை அதில் கட்டிப்போட்டது.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இமோலா தளத்தின் ரிவாட்சா திருப்பம். பிஎம்டபிள்யூ இசட் 4 ஜிடி 3 கார். சரிவில் வேகமாக இறங்கி, பிரேக்கை அழுத்தி, இடப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பத் தொடங்கும்போதே பின்பக்கம் விலகி, வண்டி சுற்றிக்கொண்டு நிற்கும். செட்டப் திரையைத் திறந்தால் ஸ்பிரிங், டாம்பர், கேம்பர், டோ, ஆன்டி ரோல் பார், டிஃபரன்ஷியல் என்று வரிசையாக எண்கள். எதைத் தொடுவது?

விடை திண்டிவனத்தில் கிடைத்தது. என் மாமா அங்கே ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறார். ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். “வண்டி லெஃப்ட்ல இழுக்குதுண்ணே” என்று ஒரு வேன் டிரைவர் வந்தார். மாமா மெஷினைத் தொடவே இல்லை. “சும்மா போறப்பவே இழுக்குதா, பிரேக் அடிச்சாத்தான் இழுக்குதா?” என்று மட்டும் கேட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து முன் டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தேய்த்தார். “மாப்ள, நீயும் தொட்டுப் பாரு” என்றார். ஒரு பக்கம் தேய்த்தால் வழவழவென்று போனது, எதிர்ப்பக்கம் தேய்த்தால் ரம்பப்பல்லாகக் கையைப் பிடித்தது. டோ, அதாவது சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், விலகியிருந்தால் டயர் அப்படித்தான் தேயுமாம். பிரேக் அடித்தால் மட்டும் இழுக்கிறது என்றால் அவர் முதலில் பிரேக்கைத்தான் கழற்றச் சொல்லியிருப்பார்.

வீட்டுக்கு வந்து அதே கேள்வியை என் வண்டியிடம் கேட்டேன். நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? பிரேக்கில் கால் இருக்கும்போது மட்டும்தான் பின்பக்கம் போகிறது, அதுவும் சரிவில்தான். பிரேக் போட்டதும் எடை முன்னே சாய்கிறது. சரிவு அதை இன்னும் கூட்டுகிறது. எடை குறைந்த பின் சக்கரங்களுக்கும் அதே பங்கு பிரேக் போனால் அவை பிடி விடத்தான் செய்யும். ஸ்பிரிங்கையோ டிஃபரன்ஷியலையோ தொடவில்லை. பிரேக் பங்கீட்டை இரண்டு சதவீதம் முன்பக்கம் தள்ளினேன். திருப்பத்துக்குள் போகப் போக மிதியை மெல்ல மெல்லத் தளர்த்தினேன். ரிவாட்சா வசப்பட்டது.

அடுத்தது இமோலாவின் டோசா திருப்பம். அங்கே நேர் எதிர்: நடுத் திருப்பத்தில் முன்பக்கம் திரும்பாமல் வெளியே ஓடுகிறது. முன் ஆன்டி ரோல் பாரைத் தளர்த்தலாம் என்று தெரியும். ஆனால் முன் டயர் எப்போது பிடி விடுகிறது என்பதே கையில் தெரியவில்லை. பழைய ஸ்டீயரிங் ஒன்றை வாங்கி, டயரின் விசையை மோட்டார் மூலம் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை முழுசாக ஏற்றி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் வளர்ந்தவனுக்கு அதுதான் பிடிக்கும். யாராலும் ஏற முடியாத முரட்டுக் குதிரையை அடக்கிய செஞ்சியின் தேசிங்கு ராஜா கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் 1714இல் போரில் மாண்டார். கதை இன்னும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கைக்கு முரண்டு பிடிக்கும் வண்டிதான் வண்டி என்று எனக்குள் ஊறியிருந்தது.

திரையின் ஓரத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கு ஒரு பட்டை உண்டு. திருப்பம் முழுக்க அது சிவப்பாகவே நின்றது. மோட்டாரின் சக்தி அதோடு முடிந்தது. அதற்கு மேல் டயர் என்ன சொன்னாலும் ஒரே கனமாகத்தான் கைக்கு வரும். அளவைக் குறைத்தேன். ஸ்டீயரிங் லேசானது. டோசாவில் முன் டயர் பிடி விடப்போகும் நொடியில் அது இன்னும் லேசாவதை முதன்முறையாக விரலில் உணர்ந்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளும் டயர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

டயரின் பேச்சைக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நரேனின் பந்தயமே சாட்சி. 2005 ஜூனில் இண்டியானாபோலிஸில் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள், டயர் தாங்காது என்று ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் பிட்டுக்குத் திரும்பிவிட்டன. வேறு டயர் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டுமே ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. கிடைத்த டயரில் கடைசிச் சுற்றுவரை வண்டியைக் கொண்டுவந்து சேர்த்ததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறேன். டயர் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதிவைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுகிறேன். இமோலாவில் பாக்கி இருப்பது வரியாண்டே ஆல்டா திருப்பம். தளத்தின் ஓரமாக உயர்ந்திருக்கும் கெர்ப் மேல் ஏறினால் வண்டி துள்ளி, இறங்கும்போது நேராக நிற்பதில்லை. நுழைவில் சரியாக இருக்கிறது, வெளியேற்றத்திலும் சரியாக இருக்கிறது. கெர்பைத் தொடும் அந்த ஒரு கணம்தான் தொல்லை. டாம்பரின் ஃபாஸ்ட் பம்ப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.